மாம்பழ பீரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஒயின் ஷாப் கவுண்டரில் நிற்பவனுக்கு ஊரில் பாதிப் பேர் பழக்கம்தான். ஆனால் பெண்டாட்டியோடு எதிரில் வரும்போது ஒருத்தரும் அவனைப் பார்த்துத் தலையாட்ட மாட்டார்கள். புத்தூர் பைபாஸில், சென்னையிலிருந்து திருப்பதி போகிற வண்டிகள் டீக்கு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. கல்லாவில் ஓனர், ஃப்ரிட்ஜ் பக்கம் முனிரத்தினம், கவுண்டரில் நான். வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "நல்லா இருக்குமா?" அதற்கு நான் பொய் சொல்லாததால்தான் நான்கு கடை தாண்டி எங்கள் கடைக்கு வருகிறார்கள். எனக்கு வேறு சொத்து இல்லை.

லிமிடெட் எடிஷன் என்று எழுதியிருந்ததை நம்பி பீர் வாங்கி, முதல் மடக்கிலேயே முகம் சுளித்து, கொடுத்த காசை நினைத்து மிச்சத்தையும் குடித்துத் தீர்த்த சகோதரர்களே, இது உங்களுக்காகத்தான். விற்றவனும் நிம்மதியாக இல்லை என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

டை கட்டியவர் கொடுத்த விளக்கம்

புதிதாகத் தொடங்கிய ஏதோ ஒரு கம்பெனியின் சரக்கு. பெட்டிகள் இறங்கிய மறுநாளே டை கட்டிய ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார். கோதுமை பீர், அதில் மாம்பழச் சாறு, கொஞ்சம் தனியா. தனியா என்றதும் முனிரத்தினம் என்னைப் பார்த்தான். ஒவ்வொரு பாட்டிலிலும் கையால் எழுதிய நம்பர் இருக்குமாம், இந்தத் தடவை தீர்ந்தால் தீர்ந்ததுதானாம். விலையைக் கேட்டேன். சாதா பீர் மூன்று வாங்கி, தொட்டுக்கொள்ள சுண்டலும் வாங்கலாம்.

"வடிகட்டாத பீர் சார். கொஞ்சம் கலங்கலா இருக்கும், அடியில ஈஸ்ட் வண்டல் தங்கும், புளிப்பாவும் இருக்கும். அதுதான் இதோட ஸ்பெஷல்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, இந்த பீர் கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். புளித்துப் போய்க் கலங்கியிருக்கும் என்று அவர் சொன்னதுதான் தாமதம்.

"இப்பவே அப்படித்தானே சார் கீது?"

தேவராஜண்ணன் கேட்ட ஒரு வார்த்தை

பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூடியைத் திறந்ததும் பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, அப்படியே தலைகீழாக ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி விரலை எடுப்பார்கள். கனமாக ஏதோ கம்பி கம்பியாகத் தண்ணீருக்குள் இறங்கும். "பாத்தியா, கிளிசரின்!" என்பார்கள். இறங்குவது பீர்தான், அது தண்ணீரைவிடக் கனம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கம்பெனிக்காரனிடம் கமிஷன் வாங்குகிறேன் என்றார்கள். அதற்கப்புறம் சொல்வதில்லை.

நகரியில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிற தேவராஜண்ணனும் பத்து வருஷமாக அப்படிக் கவிழ்த்துத்தான் குடிக்கிறார். அன்றைக்கு வழக்கமான பீரைக் கேட்காமல் புது பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் இதுதான். டீச்சர் வேலை பார்க்கிற அவர் பெண்ணை பெங்களூரிலிருந்து ஒரு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் முடிவு சொல்லவில்லை. இன்னொரு தடவை வந்து பேசிச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தறி வீடு என்று தட்டிப்போனது. பையனின் அப்பா பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பீர் சாப்பிடுவாராம். அவர் முன்னால் எதை வைப்பது என்று இவருக்குக் கவலை. நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை, நாலு பேர் வாங்கட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீ ஒரு வார்த்த சொல்லு சேகரு, வாங்கறேன். ஓனர் சொன்னா நம்ப மாட்டேன்."

மாங்காய்க்காரர்

முதலில் பாட்டிலைக் கையில் எடுத்தவர் சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒரு விவசாயி. ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு வரிசையில் நின்று நின்று, கடைசியில் அழுகினது போக மிச்சத்தைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறவர். சட்டையெல்லாம் மாம்பால் கறை. லேபிளில் இருந்த மாம்பழப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே விளைந்த மாம்பழம் என்று கேட்டார். சித்தூர் மாம்பழம் என்றுதான் போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டினேன். விலையையும் கேட்டார். சொல்ல எனக்கே வாய் கூசியது. பாட்டிலைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"எங்க மாங்காய ஃபேக்டரில வாணாம்னு துரத்தறான். அதே மாங்காய நான் இந்த வெல குடுத்து வாங்கணுமா? ஒரு சாதா பீர் குடு நைனா."

மொட்டைத் தலையும் நம்பர் பாட்டிலும்

திருப்பதி மலைக்குப் போகிற வழியில் ஒரு சென்னைக்காரர் இறங்கினார். நல்ல அடர்த்தியான முடி, பின்னால் கொண்டை வேறு. இந்த பீரைத்தான் போனில் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாராம், இரண்டு பாட்டில் வாங்கினார். மலையடிவாரத்து அலிபிரியில் வண்டியைச் சோதிப்பார்கள், பாட்டிலோடு மாட்டினால் சாமிக்கு முன்னால் போலீஸைத்தான் தரிசிக்க வேண்டும் என்றேன். பயந்துபோய் எங்கள் ஃப்ரிட்ஜிலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவர் வந்து பாட்டிலைக் கேட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கொண்டை வைத்தவர் வந்தால்தான் கொடுப்பேன் என்று முனிரத்தினம் பிடிவாதம் பிடித்தான். அவர் போனில் பழைய போட்டோவைக் காட்டினார். சரி என்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் அவர் வாங்கவில்லை. லேபிள் நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடியைத் தடவினார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"நம்பரெல்லாம் சரியாதான் இருக்கு. உள்ள இருக்கறது அதேதானா?"

தீர்ந்தால் தீர்ந்தது

பாதிகூட விற்காத நிலையில் அதே பீர் இன்னும் இரண்டு பெட்டி வந்து இறங்கியது. லிமிடெட் எடிஷன் என்றார்களே என்று பிரித்துப் பார்த்தால், கையால் எழுதிய நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. டை கட்டியவருக்குப் போன் போட்டேன். இது இரண்டாவது லிமிடெட் எடிஷன் என்றார். எனக்கு எரிச்சல். முனிரத்தினம் மட்டும் சிரித்துக்கொண்டே பாட்டில்களை அடுக்கினான்.

"லிமிட்டு வாங்கறவனுக்குத்தாண்ணா."

எங்கள் தீர்ப்பு

மூடி நசுங்கியிருந்த ஒரு பாட்டிலை ஓனர் பெரிய மனசு பண்ணி எங்களுக்கே கொடுத்தார். ஆளுக்குப் பாதி. முதல் மடக்கு பழைய மோர். இரண்டாவதில் மாங்கொட்டை வாசனை. மூன்றாவதில், உண்மையைச் சொன்னால், மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த விலையை நினைத்ததும் தோன்றினது போய்விட்டது. தனியா எங்கே இருக்கிறது என்று முனிரத்தினம் கடைசிவரை தேடினான்.

வெள்ளிக்கிழமை தேவராஜண்ணன் வந்தார். பெங்களூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். நான் உள்ளதைச் சொன்னேன்: "ருசி பாக்க ஒண்ணு வாங்கலாம்ணா. மானத்த காப்பாத்த ஒரு பெட்டி வாங்காதீங்க." கல்லாவிலிருந்து ஓனர், "ஏமய்யா சேகர், வியாபாரம் பண்றியா, உபதேசம் பண்றியா?" என்று சத்தம் போட்டுவிட்டு, அண்ணனிடம் சிரித்துக்கொண்டே "தீஸ்கோண்டி, பெங்களூர்ல அந்தரு இதே" என்று, பெங்களூரில் எல்லாரும் இதைத்தான் குடிக்கிறார்கள் என்கிற மாதிரி, பெட்டியை நகர்த்தினார். எனக்கு ஓனர்மேல் வந்த கோபத்தைவிட அண்ணன்மேல்தான் அதிகம் வந்தது. என் வார்த்தையைக் கேட்டு வாங்குகிறேன் என்றவர், கேட்டுவிட்டும் வாங்குகிறாரே. வண்டிவரைக்கும் பெட்டியைத் தூக்கிப் போய், "அடியில வண்டல் கீது. யாரையும் கவுக்க மட்டும் வுடாதீங்க" என்று சொல்லிக் கட்டிவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"நீ சொல்றது புரியுது சேகரு. சாதா பீர வெச்சா, தறிக்காரன் வேற இன்னா வெப்பான்னு நெனச்சிக்கினு போயிடுவாங்களேன்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை

என்னையும் கூப்பிட்டிருந்தார். ஐஸ் போட ஆள் வேண்டும், ஏதாவது கேட்டால் விளக்கம் சொல்லவும் ஆள் வேண்டும். வீட்டுக்குள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு இடம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறிக் கொட்டகை. அன்று தறிகளை நிறுத்தி, பஞ்சுத் தூசியைக் கூட்டி, நாற்காலி போட்டிருந்தது. எப்போதும் தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர்கள், அந்த அமைதியில் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேவராஜண்ணன் தம்பிகள், மச்சான் எல்லாரிடமும் காலையிலிருந்தே சொல்லியாகிவிட்டது: "எவனும் பாட்டில கவுக்கக் கூடாது. மானம் பூடும்." தண்ணீர் டம்ளர்களைக்கூட ஒளித்து வைத்துவிட்டார்.

பையனின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், அளந்து பேசுகிறவராக இருந்தார். குடியாத்தம் பக்கத்து ஆள், முப்பது வருஷமாக பெங்களூர். எதற்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் முதல் பாட்டிலைத் திறந்து கண்ணாடி கிளாஸோடு அவர் முன்னால் வைத்தேன். லேபிளைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

குடிக்கத்தான் கேட்கிறார் என்று தேவராஜண்ணன் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். மனிதர் பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, பழகின கையாக ஒரே திருப்பில் தலைகீழாக்கி டம்ளரில் முக்கினார். அண்ணனின் மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வண்டல் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. விரலை எடுத்தார். அடியில் படுத்திருந்ததெல்லாம் கிளம்பி, பழுப்பு வெள்ளையாகத் திரள் திரளாக டம்ளருக்குள் இறங்கியது. கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷம் கவிழ்த்த எங்கள் ஆட்கள்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "டூப்ளிகேட்டு" என்று யாரோ வாய்க்குள் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

"இது இன்னாங்க?" என்றார் அவர், டம்ளரைத் தூக்கிப் பிடித்து. தேவராஜண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தக் கஸ்டமரிடமும் நான் பார்த்ததில்லை. நல்ல பீர் என்று சொன்னால் பொய். வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என்றால் உண்மை, ஆனால் அண்ணன் அங்கேயே செத்துவிடுவார். "ஈஸ்ட் சார், இட்லி மாவு புளிக்கிற மாதிரி. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பாட்டிலில் இருந்ததைக் கிளாஸில் ஊற்றி ஒரு மடக்கு குடித்தார். கொட்டகையில் அத்தனை பேரும் அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழுங்கினார். முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ தெரிந்தது, புளிப்புதான். கிளாஸைத் தள்ளி வைத்தார். விலை என்ன என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெங்களூர்க்காரர் டம்ளரையும் ஓரமாக நகர்த்தினார். அப்புறம் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டு, அவர் தொடையில் தட்டினார்.

"கல்யாணத்துக்கு இத வாங்கிடாதீங்க சம்மந்தி, நம்ம சாதா பீரே போதும்."

அந்த விலைக்கு அந்த பீர் தகுமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அதை வாங்கியதால் நல்லது நடந்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான், அங்கேயும் ஒரு மடக்குக்கு மேல் யாரும் குடிக்கவில்லை.