நக்கல் இல்லை

கரையாம்புத்தூரில் கரும்பு வெட்டும் தணிகாசலத்துக்கு முகவாதம் வந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சும்மா இருந்தாலும் யாரையோ பார்த்து இளக்காரமாகச் சிரிப்பதுபோல் இருக்கும். ஊருக்கு அது தெரியும், வெளியூருக்குத் தெரியாது.

பனித்திட்டில் பழைய சிநேகிதர் இறந்தபோது மாலையோடு போய் நின்று அழுதார். இறந்தவரின் மகன் அந்த வாயைப் பார்த்துவிட்டுச் சட்டையைப் பிடித்தான்.

“சாவு வூட்ல வந்து இன்னாய்யா நக்கலு?”

“இல்லப்பா, வாதம்பா,” என்றார். குழறிய பேச்சும் நக்கலாகவே கேட்டது. வெளியே தள்ளினார்கள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

“நான் வந்து சொல்றேன், வா,” என்றாள் மனைவி கஸ்தூரி.

“எத்தினி பேருகிட்ட சொல்லுவ?” என்றார். அதன்பின் எந்தச் சாவுக்கும் அவர் போகவில்லை.

போன மாதம் கஸ்தூரி இறந்தாள். வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிடாதபடி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார்.