செல்களிடம் "துன்னீங்களா?" என்று கேட்டவர்

"சார், நம்ம தேன்மொழி மேடம் பூட்டாங்க சார்." காலையில் எங்கள் ஆய்வுக்கூட எலெக்ட்ரீஷியன் மணி போனில் அழுதார். மாரடைப்பாம். முந்தின நாள் மாலைதான் தேன்மொழி தன் வண்டியில் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டுக் கையசைத்துப் போனார்.

நசரத்பேட்டை ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்து, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், ஃப்ளூவைக் கண்டறியும் எங்கள் பரிசோதனைப் பட்டையின் உயிர்நாடி அவர் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி. அடிக்கடி மாறும் வைரஸின் மேற்புரதத்தையே நாங்கள் துரத்திக்கொண்டிருந்தபோது, "அவன் சட்டைய மாத்திகினே இருப்பான் நைனா, உள்ள கீற எலும்ப புடி" என்றார். அவ்வளவாக மாறாத உட்புரதத்தைப் பற்றும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடினார். அதைச் சுரக்கும் எலியின் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து, வளர்த்து, கழித்துக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு செல்லின் வம்சம் தேறியது. அது வளரும் சூட்டுப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "இன்னாடா, துன்னீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஊட்டச்சாறு மாற்றுவார். நாங்கள் சிரிப்போம்.

மணி சென்னையின் பாடிப் பகுதியில் தொழிற்சாலை வேலை பார்த்து வந்தவர். ஆயுதபூஜைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது அவர் பழகிய முறை. ஒரு வருடம் சூட்டுப்பெட்டியையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்தால் செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"மெசினுக்கும் ரெஸ்ட்டு குடுக்கலாம்னு நெனச்சிகினு அணைச்சிட்டேன் மேடம்" என்றார் மணி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி கேட்டார்: "நீ துன்னியா மணி? மூஞ்சே சரியில்ல, போய் துன்னுட்டு வா."

பிறகு, திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்த அதே செல்களின் ஒரே குப்பியை எடுத்தார். அதுவும் பிழைக்காவிட்டால் அத்தனை உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். சில நாட்களில் செல்கள் பெருகத் தொடங்கின. "பொழச்சிகினாங்க" என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அழுதார். பெட்டியின் மேலிருந்த குங்குமத்தை மட்டும் யாரையும் துடைக்க விடவில்லை.

அவர் போன அன்று ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஆனால் அது செல்களுக்கு ஊட்டச்சாறு மாற்றவேண்டிய நாள். தகனம் முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். எனக்கு முன்பே மணி வந்து பெட்டியருகே நின்றிருந்தார். "கரண்ட்டு கீது சார், பாத்துகினேன்" என்றார்.

தேன்மொழியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பெட்டியின் கதவைத் திறந்தேன்.

"இன்னாடா, துன்னீங்களா?"

என் திருநெல்வேலி வாய்க்கு அது சரியாக வரவில்லை. மணி சிரிக்கவில்லை.