ஊசி போடுற நர்சம்மா

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அடக்கப் போலீசும் வேண்டாம், பூச்சாண்டியும் வேண்டாம், நான் போதும். கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு நர்ஸ் வேலை. பஸ்ஸில், சந்தையில், ரேஷன் கடை வரிசையில் எங்கே ஒரு பிள்ளை அழுதாலும் பெற்றவர்களின் விரல் என் பக்கம்தான் நீளும். நானும் சளைத்தவளில்லை. ஒரு முறை முறைப்பேன், அழுகை நின்றுவிடும். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நல்ல கூட்டம். கரும்பு வெட்டும் கூலிவேலைக்காரி ஒருத்தி, நாலு வயது மகளோடு என் பக்கத்தில் நின்றாள். பிள்ளை பலூன் கேட்டுத் தரையில் புரண்டது. முதுகில் இரண்டு வைத்தாள், அடங்கவில்லை. அப்போதுதான் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.

"தோ பாரு, நர்சம்மா. அழுதுகினே இருந்தா ஊசி போட்டுடுவாங்க."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் காட்டினேன். பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்து அடிவாரத்துச் சந்தையில் அவர்களை மறுபடி பார்த்தேன். பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் ஏறுவதற்கு நடிக்கிறாள் என்று அம்மா தலையில் குட்டி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். பிள்ளை என்னைப் பார்த்தது. உடனே காலைச் சரியாக ஊன்றி நடந்தது. எல்லாம் நடிப்புதான் என்று நானும் ஒத்துப் பாடினேன். வெண்டைக்காய் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். குனிந்து அந்தக் காலைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலை அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வெட்டு முடிந்த வயலில் ஓடியபோது கரும்புக் கட்டை உள்ளங்காலில் குத்தியிருக்கிறது. பாதம் வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

"கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லன்னே சொல்லிச்சிங்க. சொன்னா நீங்க ஊசி போடுவீங்கன்னு பயந்துகினு இருந்திருக்குது," என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துத்தான் அவளைக் காப்பாற்றினார்கள். அதைவிட என்னை வாட்டுவது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டர் போடச் சொன்ன அந்த முதல் ஊசி. அதை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். அதுவரை முனகிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் விரல்மேல் வழிந்தது. வலிக்கும், நன்றாக அழு பாப்பா என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் அழுவல," என்றாள்.

கையில் ஊசியோடு நின்றேன். பிறகு போட்டேன்.