சொந்த உல்லாசத்துக்கு மட்டும்

சேரன்மகாதேவியில் என் அக்காள் புருஷன் ஒரு படகு வாங்கினார். மீன் பிடிக்கவோ நெல் ஏற்றவோ அல்ல, சும்மா உட்கார்ந்து போவதற்கு. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் அதை விற்றுவிட்டுப் போனார். பச்சை வர்ணம், மெத்தை தைத்த இரண்டு பலகை, வெயிலுக்கு ஒரு கூடாரத் துணி. சித்திரை வைகாசியில் ஆறு முழங்கால் அளவுக்குத்தான் ஓடும். படகு மணலில் கிடக்கும், ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். இருந்தாலும் ஜில்லாவில் எந்தப் பண்ணையாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதில் அத்தானுக்கு ஏக சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு மோப்பம் பிடித்துவிட்டார்.

ஏஜெண்டு விட்டுப்போன பாலிசி எட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் அப்போது ஜில்லா கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். படகிலேயே உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். ஒரு வரி விடாமல் வாசித்து அர்த்தம் சொன்னேன். அப்படி நாலு பேர் கேட்க இங்கிலீஷ் வாசிப்பது எனக்குப் பிடிக்கும். ஆபீசில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எட்டுப் பக்கத்தையும் பிழிந்தால் மூன்று சங்கதிதான். படகு உடைந்தாலோ மூழ்கினாலோ அதன் விலை வரும். சம்பளத்துக்கு இருக்கும் படகோட்டிக்கு வேலையில் இருக்கும்போது அங்கஹீனம் ஏற்பட்டால் அவனுக்குத் தனியாக ஒரு தொகை வரும். ஆனால் படகு சொந்தக்காரருடைய சொந்த உல்லாசத்துக்கு மட்டும். எதையாவது வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் முதலில் சொன்ன இரண்டும் கிடையாது.

அத்தானின் படகோட்டி பக்கத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்கூடல்காரர். முன்னே பரிசல் ஓட்டியவர். மூன்று பெண்பிள்ளைகள். அத்தான் அவரை "ஏலே" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அது வராது.

"அதுல என்னையும் போட்டிருக்கா, ஐயா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு வே. பேரு இல்ல. படகோட்டின்னு இருக்கு."

"உயிரு போனாத்தானா, கை காலு போனாலுமா?"

"கை காலு போனாலும்தான்."

அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தன் கைக்கும் காலுக்கும் ஒரு கம்பெனி எழுதிக்கொடுத்திருக்கிறது என்று முக்கூடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பிற்பாடு என்னை அதிகமாக அரித்தது.

அடுத்த ஐப்பசியில் பாபநாசம் மலையில் விடாத மழை. ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போயிற்று. எங்கள் கரையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில் வந்து நின்றுவிட்டார்கள். பரிசல்காரர்கள் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட, பெண்ணின் தகப்பனார் அத்தானிடம் ஓடிவந்தார். அத்தானுக்குக் கேட்க வேண்டுமா? உடனே படகை அனுப்பினார். மூன்று நடையில் மாப்பிள்ளையையும் உறவையும் சீர்வரிசையையும் ஒரு துணி நனையாமல் கொண்டுவந்து சேர்த்தார் படகோட்டி.

அப்போது பெண்ணின் தகப்பனார் கரையிலேயே ஒரு தாம்பாளம் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, இரண்டு பழம், ஒரு ரூபாய். எங்கள் பக்கத்தில் வெறும் வெற்றிலையை யாரும் நீட்டுவதில்லை, கூட ஒரு காசு வைத்தாக வேண்டும். கலியாண வீட்டுத் தாம்பாளத்தை வேண்டாம் என்று தள்ளினால் அந்த வீட்டையே தள்ளியதாக ஆகிவிடும். அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ரூபாயை எடுத்துத் தண்ணீரில் நின்ற படகோட்டியிடம் கொடுத்தார். "வச்சுக்கோலே" என்றார்.

படகை எங்கள் படித்துறைக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போதுதான் அது நடந்தது. ஆற்றின் இழுப்பில் படகு திரும்பி, படித்துறைக் கல்லின் மூலையைப் பார்த்துப் போயிற்று. படகின் பக்கப் பலகை உடைந்துவிடுமே என்று அவர் வலது கையை இடையில் கொடுத்தார். பலகையும் உடைந்தது, கையும் நசுங்கியது. படகு அங்கேயே மூழ்கிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோய், கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் பெண்சாதியிடம் அவர் சொன்னது, "பயப்படாத, காயிதம் இருக்கு."

பணம் கேட்டு எழுதியதற்குக் கம்பெனி ஒரு கடிதத்தில் மூன்று கேள்வி கேட்டிருந்தது. படகு என்ன காரியமாகப் போயிற்று, யார் கேட்டுப் போயிற்று, அதற்காக ஏதாவது பெறப்பட்டதா. அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு வந்ததும், "தாம்பாளத்தையும் எழுது" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அது வேண்டாம் அத்தான். ரூவான்னு பாத்தா கூலின்னுதான் சொல்லுவான்."

"கூலியா? ஊரு கூடி நிக்கும்போது வச்ச மரியாதை மாப்ளே அது. அதப் போய் மறைச்சாத்தான் கூலின்னு ஆயிரும். நான் ஓடக்காரன் இல்லன்னு அவனுக்குத் தெரியாண்டாமா? எழுது."

எழுதினேன். பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று என்னை எழுதவைத்தது உண்மையின் மேல் இருந்த பக்தி அல்ல. சொல்வதை எழுத்துக் குறையாமல் எழுதிப் பழகிய கை அது. போதாததற்கு, தாம்பாளம் என்றால் என்ன, வெற்றிலையோடு காசு ஏன் வைக்கிறோம் என்றெல்லாம் ஒரு பக்கம் விளக்கி எழுதினேன். இங்கிலீஷ் நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்து மகிழ்ந்தும் போனேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பதில் அரைப் பக்கம்தான். ஆட்களை ஏற்றியதும் ஒரு ரூபாய் பெற்றதும் தங்கள் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே படகுக்கும் கிடையாது, படகோட்டிக்கும் கிடையாது. இன்னும் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தேன். அதே அரைப் பக்கம் திரும்ப வந்தது. எனக்குத் தெரிந்த வக்கீல், பட்டணத்தில் போய் வழக்காடினாலும் நிற்காது என்று சொல்லிவிட்டார். அத்தான் நாலு நாள் வைதார், பிறகு மறந்துவிட்டார். தை மாதம் ஒரு வில்வண்டி வாங்கினார். படகோட்டி வீட்டுக்கு ஒரு தடவை நெல் போயிற்று. அவ்வளவுதான்.

அதுவரை படகோட்டியிடம் யாரும் சொல்லவில்லை. அத்தான் போக மாட்டார். நான்தான் முக்கூடலுக்குப் போனேன். இடது கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு, வலது மொட்டைக் கையால் அதில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வந்துட்டா ஐயா?" என்றார். பணம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். வாசலில் பெண்சாதி நின்றாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அந்த ஒரு ரூவாதானா?" என்றார்.

"அதான்."

"அதக் கூலின்னு நெனைச்சுட்டான்."

"ஆமா வே."

பெண்சாதியிடம் போய் ஏதோ சொன்னார். அவள் பக்கத்து வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கைநிறைய அணாவும் அரையணாவும். எண்ணிப் பார்த்து, ஒரு ரூபாய் சரியாக இருக்கிறது என்றாள்.

"இத அவனுக்கு அனுப்பிருங்க ஐயா. என் கையிலதான அந்த ரூவா வந்துச்சு. வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டா கூலி இல்லன்னு ஆயிரும்லா" என்றார்.

ஆகாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காசை வாங்கிக்கொண்டேன். திருநெல்வேலிக்கு வந்து மணியார்டர் பாரத்தில் அனுப்புகிறவர் என்று அவர் பெயரையும் என் விலாசத்தையும் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினேன். மறுபடியும், சொன்னதை எழுதினேன்.

இரண்டு வாரத்தில் அது வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. ரூபாயை எடுத்துக்கொண்டு திரும்ப முக்கூடலுக்குப் போய் அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"அது கம்பெனி ரூவா ஐயா. இன்னைக்கு வேண்டாங்கான். நாளைக்கே மனசு மாறிக் கேட்டான்னா குடுக்கணும்லா. உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஏழு வருஷம் இருந்தார். என்னை எங்கே பார்த்தாலும், கேட்டானா என்று ஒரு வார்த்தை விசாரிப்பார். இன்னும் இல்லை என்பேன்.