நகம் பட்ட செவ்வரத்தை

சண்முகலிங்கத்தாருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. தேத்தண்ணி ஆறும்வரை பொறுக்கமாட்டாமல் நாக்கைச் சுட்டுக்கொள்ளும் மனுசன். பஸ் பிந்தினால் அடுத்த தரிப்புக்கு நடப்பார். பாதி வழியில் அதே பஸ் அவரைக் கடந்து போகும். கனடாவுக்கு வந்த ஏழு வருசத்தில் பேக்கரி, பெட்டி அடிக்கும் தொழிற்சாலை, பிறம்ரன் வெயார்ஹவுஸ் என்று மாறி மாறி, எந்த வேலையிலும் கதிரை சூடாகும்வரை இருந்ததில்லை. அடுப்பில் சோறு வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அதை வேகவிடாமல் பண்ணிவிடுவார்.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் காத்திருக்கச் சொன்னார்கள், அதுவும் கட்டிய மனுசிக்காக. தவமணி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டே போனது. போதாக்குறைக்கு அவளுடைய தமையன் வேறு காதுக்குள் ஓதிக்கொண்டிருந்தார், இந்த வயதில் ஐஸ் பெட்டிக்குள் போய் இருந்து என்ன கண்டாய் என்று. தவமணியின் மனமும் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு டெலிபோனிலும் அவள் குரல் ஒரு படி இறங்கியிருப்பதைச் சண்முகலிங்கத்தார் கேட்டார். இவள் வராமலே விட்டுவிடுவாளோ என்ற பயம் அவரைப் பிடித்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

"அங்கை சாமிக்கு வைக்க ஒரு பூ கிடைக்குமோ?" என்று ஒருநாள் கேட்டாள். "வெள்ளனத் தோய்ஞ்சிட்டு நாலு பூ ஆயாட்டி எனக்கு விடிஞ்ச மாதிரியே இராது."

"நீர் வாரும். வாசல்லை செவ்வரத்தை நிக்கும்," என்று யோசிக்காமல் வாயை விட்டார்.

வாயை விட்டால் பிறகு செய்யத்தானே வேண்டும். அஜின்கோர்ட்டில் தங்கை குடும்பத்தோடு சேர்ந்து வாங்கிய வீடு. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் நேர்சரிக்குப் போய், குளிர் தாங்கும் செவ்வரத்தை என்று சொல்லி விற்ற ஒரு கன்றைக் கொண்டுவந்து வாசலில் நட்டார். ஊதா நிறப் பூ, நடுவில் சிவப்பு. ஊர்ச் செவ்வரத்தைக்குத் தங்கச்சி முறை என்று வைத்துக்கொள்ளலாம். நட்ட அன்றே தவமணிக்கு டெலிபோன் எடுத்துப் பூவின் நிறத்தைச் சொன்னார். அவள் அன்றைக்குக் கனநேரம் கதைத்தாள்.

பிறகு இலை உதிர்ந்தது. செவ்வரத்தை இலை உதிர்த்து மொட்டையாக நின்றதை அவர் பிறந்த நாள் தொட்டுக் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த செவ்வரத்தை பச்சையாய் நிற்கும், அல்லது செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறதென்று யார் சொன்னார்கள்? பழைய கொம்போட்டர்ப் போர்வையைச் செடியைச் சுற்றிப் போர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினார். பக்கத்து வீட்டுப் பஸ்ரியன் வேலியால் எட்டிப் பார்த்தான். மன்னார்ப் பொடியன், லொறி ஓட்டுகிறவன், வாயும் லொறி மாதிரித்தான் ஓடும்.

"என்ன அண்ணை, ஆரையோ கட்டிவைச்சு அடிக்கிறியளாக்கும் எண்டு பயந்துபோனன்."

"குளிருக்குப் போர்த்து விட்டிருக்கிறன்."

"உது குளிருக்குப் பழகின சாதியண்ணை. சும்மா விடுங்கோ."

சும்மா விடுவதா? சண்முகலிங்கத்தாரா? ஸ்நோ கொட்டும்போதெல்லாம் போய்த் தட்டிவிட்டார். ஒருக்கால் இளஞ்சூட்டுத் தண்ணியும் ஊற்றினார். அது பின்னேரத்துக்குள் வேரைச் சுற்றிக் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது.

பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் பூப் புதர்கள் பூத்துக் கொட்டின. வைகாசியில் லைலாக் பூத்து, பஸ்ஸுக்குள்ளும் வாசம் வந்தது. அவருடைய செடி மட்டும் ஈர்க்குக் கட்டு மாதிரி நின்றது. ஒவ்வொரு காலையும் சாரத்துக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போய், பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. முதல் நாள் கொஞ்சம் பச்சை தெரிந்தது. விட்டாரா? மறுநாள் இன்னோர் இடம், அதற்கடுத்த நாள் இன்னோர் இடம். வேலைக்குப் போகமுன் ஒன்று, வந்த கையோடு ஒன்று. கொப்பெல்லாம் காயம். கடைசியில் நுனிக் கொப்புகளைச் சுரண்டினார். அவை கருகிக் காய்ந்திருந்தன.

"உது பிந்தித்தான் முழிக்கும், அண்ணை," என்றான் பஸ்ரியன். "எங்கடை லொறி யார்ட்டிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வைச்சிருக்கிறான். ஆனி மட்டும் பொறுக்கவேணுமாம்."

"நீ உன்ரை லொறியைப் பார்."

அந்தக் கிழமைதான் தவமணி டெலிபோன் எடுத்தாள். விசாவுக்குச் செய்த மெடிக்கல் காலாவதியாகிவிட்டதாம், திரும்பவும் முதலில் இருந்து செய்ய வேண்டுமாம். "எனக்குக் களைச்சுப்போச்சு," என்றாள். "அண்ணன் சொல்லுறதுதான் சரிபோலக் கிடக்கு. காணுமப்பா, விடுவம்."

அவர் டெலிபோனை வைத்துவிட்டு நேரே வெளியே போய், மண்வெட்டியை எடுத்துச் செடியை வேரோடு கிண்டினார். மண்ணோடு இழுத்துக்கொண்டுபோய்த் தெரு ஓரத்தில், குப்பை பாக்குகளுக்குப் பக்கத்தில் போட்டார். தங்கை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் தவமணி விடவில்லை. வாயால் சொன்னாளே தவிர, அடுத்த கிழமையே போய் மெடிக்கல் செய்திருக்கிறாள். ஆடியில் விசா கிடைத்துவிட்டது. சந்தோசத்தில் குரல் உடைந்து அழுதாள், அழுது முடித்துக் கேட்ட முதல் கேள்வி, "செவ்வரத்தை பூத்திட்டுதோ?"

"ஓம், பூக்குது," என்றார் சண்முகலிங்கத்தார்.

அடுத்த நாளே நேர்சரிக்கு ஓடினார். அங்கே வரிசையாக அதே சாதிச் செடிகள், இலை தளதளவென்று, கொப்பு நிறைய மொட்டு. தன்னுடையதும் உயிரோடுதான் நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றைக் கொண்டுபோய் அதே குழியில் வைத்துவிட்டால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது? வைக்கலாம். கையை நீட்டினார், தொட மனம் வரவில்லை. தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. வெறுங்கையோடு வந்து, சுப்பர்மார்க்கெற்றில் கட்டுப் பூ வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார்.

ஆவணியில் தவமணி வந்து இறங்கினாள். மெலிந்து, முன்தலை நரைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பயணக் களையில் படுத்துவிட்டாள். அவர்தான் படுப்பதும் எழும்புவதுமாக விடியும்வரை உழன்றார். வெளிச்சம் வரக் கண் அயர்ந்தவர், திடுக்கிட்டு எழும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணவில்லை.

மாடி ஜன்னலால் பார்த்தார். தோய்ந்த தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கையில் எவர்சில்வர் தட்டத்தோடு, தவமணி பஸ்ரியன் வீட்டு வளவுக்குள் நின்று பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊரில் விடியற்காலையில் அடுத்த வீட்டு வேலியில் சாமிக்குப் பூ ஆய யாரைக் கேட்பார்கள்? அந்தப் பழக்கத்தில் படலையைத் திறந்து போய்விட்டாள்.

சண்முகலிங்கத்தார் விழுந்தடித்து இறங்கி ஓடினார். "இஞ்சை அப்பிடி ஆயக்கூடாதப்பா. பொலிசைக் கூப்பிடுவாங்கள்."

கதவைத் திறந்துகொண்டு பஸ்ரியன் கோப்பிக் கோப்பையோடு வந்தான். "ஆயட்டும், அண்ணை. உது உங்கடை மரந்தானே. நீங்கள் குப்பைக்கு வைச்சியள், நான் எடுத்து என்ரை வான் நிக்கிற மறைவிலை நட்டன். ஆனியிலையே துளிர்த்திட்டுது. நீங்கள் இருந்த கோவத்திலை சொல்லப் பயந்திட்டன்."

தவமணி ஆச்சரியப்படவே இல்லை. ஒரு கொப்பை வளைத்து, பட்டையில் கிடந்த தழும்புகளை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். கொப்புக்குக் கொப்பு பிறை பிறையாக நகக் காயம், எல்லாம் காய்ந்து ஆறியிருந்தது.

"இந்த நகம் ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றாள்.

"செத்துப்போச்செண்டு நினைச்சன்."

அவள் அவரைப் பார்த்தாள். "நானும் அந்த அறைக்குள்ளை ஒரு அசுமாத்தமும் அசைவும் இல்லாமல்தானே கிடந்தன். என்னையும் அப்பிடி நினைச்சியளோ? வரமாட்டாள் எண்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். டெலிபோனில் சொன்னவர்தானே.

"ஓம்," என்றார். "நீர் விடுவமெண்டு சொன்ன அண்டைக்குத்தான் இதைப் பிடுங்கினன்."

தவமணி கண்ணைத் துவாய் நுனியால் துடைத்தாள். பிறகு தட்டத்தை அவரிடம் நீட்டி, "இதைப் பிடியுங்கோ. ஆடாமல் நில்லுங்கோ," என்றாள்.

பஸ்ரியன் உள்ளே போய்விட்டான். எட்டாத கொப்புகளை ஒவ்வொன்றாக வளைத்து, மொட்டுகளை விட்டு, விரிந்த பூவை மட்டும் அவள் ஆறுதலாக ஆய்ந்தாள். வேலைக்குப் போகும் பஸ் தெருமுனையில் வந்து நின்று, போயும் விட்டது. சண்முகலிங்கத்தார் தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி, அவள் போதும் என்று சொல்லும்வரை நின்றார்.