நவமிக்காக விட்டுவிட்ட சிவப்பு மரங்கள்

2000ஆம் வருடம் அக்டோபர் கடைசியில், அமெரிக்காவில் மகன் குடியிருக்கும் நியூஜெர்சி பார்சிப்பனியிலிருந்து டெலவேர் வாட்டர் கேப் என்ற இடத்துக்கு இலை நிறம் மாறுவதைப் படம் எடுக்கப் போய் வந்தோம். நான், என் மனைவி நாச்சம்மாள், மகன் செந்தில், மருமகள் கவிதா. அடுத்த வருடம் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தேழு. கிணறு வெட்டிப் பிழைத்தவன். எழுத்து கற்று ஐந்து மாதந்தான் ஆகிறது. நோட்டில் மெதுவாக எழுதித் தருகிறேன், கவிதா கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். ஒரு பத்தி முடிய எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிடுகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்றுதான் இருக்கிறது.

போனதன் காரணம் மரம் மட்டும் அல்ல. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் படக்காரரை அழைக்க வசதி இல்லை. பிறகு நடந்த விசேஷங்களில் அவள் சமையல் பக்கம், நான் பந்தல் பக்கம். பாஸ்போர்ட்டுக்குக்கூடத் தனித்தனியாகத்தான் எடுத்தார்கள். இதைக் கேட்ட கவிதா, “அத்தை, இந்த ஃபால் சீசன்ல சிவப்பு மரத்துக்கு முன்னாடி உங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ஒரே ஒரு படம் எடுக்கறோம். பெருசாக்கி ஃப்ரேம் போட்டுடலாம்” என்றாள். மகளுக்கு நவம்பரில் பிரசவம் என்பதால் நாச்சம்மாள் மட்டும் நவம்பர் இரண்டாம் தேதி ஊருக்குத் திரும்ப வேண்டும். முழங்கால் வலியோடு இன்னொரு முறை இவ்வளவு தூரம் பறந்து வர மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆக, இந்த வருடம் விட்டால் இல்லை.

முதலில் போவதாக இருந்தது அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. மலையில் நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று போனில் கேட்டால் பதிவு செய்த குரலில் சொல்கிறார்கள். அந்த வாரம் உச்சம் என்று சொன்னதாம். காலை ஆறே முக்காலுக்கு எலுமிச்சை சாதம் கட்டியாயிற்று. நாச்சம்மாள் அரக்குப் பட்டு கட்டி, அதற்கு மேல் செந்திலின் கோட்டைப் போட்டு, ஷூவும் மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஈரோட்டு அரிசி மண்டி கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அதில்தான். தினம் காலையில் தாளைக் கிழித்து எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பேன். அன்றும் படித்தேன். நவமி என்று போட்டிருந்தது.

“இன்னைக்கு நவமி. நல்ல காரியத்துக்குக் கெளம்ப வேண்டாம்” என்றேன்.

“அது ஈரோட்டு நவமிங்கப்பா. இங்க மணியே வேற” என்றான் செந்தில்.

“நவமின்னா நவமிதான்டா.”

நாச்சம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனுங்க, போன வருசம் வரைக்கும் என்ன நாளுன்னே தெரியாமத்தான கெணத்துல எறங்கி ஏறுனீங்க? அப்பெல்லாம் நவமி வர்லீங்களா?”

அவள் கேட்டது நியாயம். ஆனால் நாற்பது வருடம் அடுத்தவர் வாயைப் பார்த்து நாள் கேட்டவன், முதல்முறையாக நானே படித்துத் தெரிந்துகொண்டதை எப்படி விடுவேன்? பிடித்த பிடியில் நின்றேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். எலுமிச்சை சாதத்தைப் பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுநாள் ஞாயிறு செந்திலுக்கு ஆபீஸ். அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

நடுவில் தீபாவளி வந்தது. அந்த வாரத்தில் இரண்டு நாள் நல்ல காற்று, கூடவே மழை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரமே ஒரு ராத்திரியில் காலியாகிவிட்டது. கவிதா அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குக் கிளம்பினோம். வழி சுலபம். 80ஆம் நம்பர் ஃப்ரீவேயில் மேற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். மொத்தம் நாற்பது மைல், ஐம்பது நிமிடம். கேமராவைச் செந்தில் என் கையில் கொடுத்திருந்தான். முப்பத்தாறு படம் பிடிக்கும் ஃபிலிம், ஆறு டாலர். பட்டனை அழுத்தினால் ‘சர்க்’ என்று தானே சுற்றிக்கொள்கிறது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. லாரியை எடுத்தேன், பாலத்தை எடுத்தேன், பச்சைப் பலகைகளை எடுத்தேன். அதில் இருந்த ஆங்கிலம் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் எக்ஸிட்டில் இறங்கிப் பெட்ரோல் போட்டோம், பதினான்கு டாலர். இந்த மாநிலத்தில் நாமே போடக் கூடாது, ஆள் வந்துதான் போடுவார். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டு, “தமிழா? நமக்கு நாகூர்” என்றார். இலை பார்க்கப் போகிறோம் என்றதும் உச்சுக் கொட்டினார்.

“போன வாரம் வந்திருக்கணும் பெரியவரே. மலையே பத்திக்கிட்டு எரியிற மாதிரி இருந்துச்சு. இப்ப எல்லாம் கொட்டிப்போச்சு. ஏன் லேட்டு?”

“மாமனார் நாள் பார்த்தார்” என்றாள் கவிதா.

அவர் சிரித்துவிட்டார். “அமெரிக்காக்கார இலைக்கு நம்மூர் நாள் எப்படித் தெரியும்?” பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்து, “ப்ளேர்ஸ்டவுன் பக்கம் ஒரு ஆப்பிள் தோட்டக் கடை இருக்கு. கொட்டகை மறைவுல ஒரு மேப்பிள் மரம். காத்து படாததால அது மட்டும் நேத்து வரைக்கும் சிவப்பாத்தான் இருந்துச்சு” என்று வழியும் சொன்னார்.

முதலில் வாட்டர் கேப்புக்கே போனோம். ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. இடம் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மலை முழுக்கக் குச்சி குச்சியாக நின்றது. நிறமெல்லாம் தரையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. இங்கேயே ஒன்று எடுத்துவிடலாமா என்று செந்தில் கேட்டான். நாச்சம்மாள் நகரவில்லை. “சேந்து நிக்கிறது ஒரே படம். அதுக்குப் பின்னால மொட்டை மரமா? எனக்கு வேண்டாமுங்க.” நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ப்ளேர்ஸ்டவுன் அங்கிருந்து பன்னிரண்டு மைல், இருபது நிமிடம். நாகூர்க்காரர் சொன்ன மரம் இருந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு, மிளகாய்ப் பழம் மாதிரி. மரத்துக்கு முன்னால் வரிசையும் இருந்தது. என்னைப் போலத் தாமதமாக வந்தவர்கள் பதினோரு குடும்பம், பாதிப் பேர் நம் நாட்டவர்கள்.

“படத்துக்குமா வரிசை? இதென்னங்க, ரேசன் கடையா?” என்றாள் நாச்சம்மாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். முன்னால் இருந்தவர்கள், இலை மேலே உதிர்வது போல எடுக்க வேண்டும் என்று கிளையைப் பிடித்து உலுக்கினார்கள். ஒவ்வொரு குடும்பமும் உலுக்கியது. எங்கள் முறை வந்தபோது மரத்தில் பாதிதான் மிச்சம். இருந்தாலும் சிவப்பு இருந்தது. நாங்கள் போய் நின்றோம். வரிசையில் அத்தனை பேர் பார்க்க மனைவியோடு நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. கையை இடுப்போடு ஒட்டி, கேமராவையே பார்த்தேன். செந்தில் ஒரு படம் எடுத்தான். இன்னொன்று எடுக்கப் போனால் கேமரா தானாகவே ஃபிலிமைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. லாரியும் பாலமும் பச்சைப் பலகையுமாக முப்பத்தைந்தை நான் தின்றிருந்தேன். கடையில் ஃபிலிம் விற்கவில்லை. வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். ஆப்பிள் ஒரு பை ஐந்து டாலர், வாங்கிக்கொண்டு ஒன்றரை மணிக்கு வீடு திரும்பினோம்.

போகிறவர்கள் கவனத்துக்கு: அக்டோபர் இரண்டாவது வாரத்திலிருந்தே போனில் கேட்டுக்கொண்டிருங்கள். உச்சம் என்று சொன்னால், மறுநாளே கிளம்புங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. முடிந்தால் வார நாளில் லீவு போட்டுப் போங்கள், காலை ஒன்பதுக்குள் வரிசை இருக்காது. ஃபிலிம் இரண்டு ரோல் கட்டாயம். எந்தப் படத்துக்காகப் போகிறீர்களோ அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதை எடுங்கள். பெரியவர்களுக்குக் கம்பளித் தொப்பி வேண்டும், ஆற்றங்கரையில் காது வலிக்கிறது. நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பது அவரவர் நம்பிக்கை, நான் சொல்ல மாட்டேன். நான் இந்த விஷயத்தில் இனிப் பார்ப்பதாக இல்லை.

ஃபிலிமைக் கழுவிப் படம் கைக்கு வந்தபோது நாச்சம்மாள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. படத்தில் நான் விறைப்பாக முன்னால் பார்க்கிறேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், வாய் பாதி திறந்திருக்கிறது. அவள் சொன்னது அன்று என் காதில் விழவில்லை. இன்னொரு பிரதி போட்டு, அதன் பின்புறம் எங்கள் பெயரை என் கையாலேயே எழுதித் தபாலில் அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது படம் வந்துவிட்டது என்றாள்.

“நீங்க நல்லா இருக்கறீங்க. நான்தான் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கறேன்.”

“அப்ப என்னமோ சொன்னயே, என்ன சொன்னே? எனக்குக் காதுல விழுகலை.”

“அத்தனை பேர் முன்னால சத்தமாவா சொல்ல முடியும்? இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்கன்னு சொன்னேன்.”

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கிறது. மரத்தில் மிச்சமிருந்த சிவப்பெல்லாம் அந்த இடத்தில்தான் தெரிகிறது.