கேமரா ஆடிவிட்டது

கிரிதர் புதுப்பட்டினம் கடற்கரையில் நாற்பது நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் வளைகோடுகளாக விழுந்திருந்தன. 1997 புகைப்படப் போட்டிக்கு நடுவராக வந்த, கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

“கேமரா ஆடிக்கீது சார்.”

அந்த ஆளை ஒன்பது வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டிய கிரிதர், 2006இல் அதே போட்டிக்குத் தாமே நடுவரானார். அவருடைய மேலதிகாரியின் படத்தில் பிறைநிலாவின் இருண்ட பாகத்துக்குள் ஒரு நட்சத்திரம் மின்னியது. நிலா மறைக்கிற இடத்தில் நட்சத்திரம் எப்படித் தெரியும்? அப்பட்டமான ஒட்டுவேலை. ஆனால் கிரிதரின் பதவி உயர்வு மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. முதல் பரிசு அந்தப் படத்துக்கே போனது.

வளைகோட்டு நட்சத்திரங்களை எடுத்திருந்த கல்லூரி மாணவி ஹம்சினி வந்து நின்றாள்.

“என்னோடத ஏன் சார் தள்ளிட்டீங்க?”

“கேமரா ஆடியிருக்கும்மா.”

“கேமரா ஆடல சார். பூமி சுத்திச்சு.”

அந்த ஸ்டூடியோக்காரருக்கு ஒன்பது வருஷமாகக் கிரிதர் சொல்லிவந்த பதில், வார்த்தை மாறாமல்.